கொட்டியாரத்துப் பொதி: எருது முதுகிலிருந்து மோட்டார் சைக்கிள் வரை

மூதூரில் சரக்கை எதில், எப்படி ஏற்றுவது என்பதை மணலும் தண்ணீரும் தீர்மானித்தன. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியார விரிகுடாவின் கரையில் ஊர் அமைந்திருக்கிறது. மகாவலி கங்கை கிளை பிரிந்து, ஒரு பங்கு இந்த விரிகுடாவிலும் மற்றொரு பங்கு தெற்கே வெருகலிலும் கடலைச் சேர்கிறது. கட்டைபறிச்சான், சம்பூர், தோப்பூர், கிளிவெட்டி, ஈச்சிலம்பற்று என்று விரியும் பழைய கொட்டியாரப்பற்றில் ஆறும் களப்பும் வயலும் மாறி மாறி வரும். மாரியில் தடம் சேறாகும். கச்சான் வீசும் மாதங்களில் அதே தடத்தில் சக்கரம் மணலில் புதையும். இந்த நிலத்தில் சட்டமில்லாத, மடங்கக்கூடிய, முதுகின் இரு பக்கமும் சமமாகத் தொங்கும் பொதிக்கு எக்காலத்திலும் வேலை இருந்திருக்கிறது. அதைச் சுமந்த முதுகுதான் எருதாக, சைக்கிளாக, மோட்டார் சைக்கிளாக மாறியது.

இரட்டைப் பொதி தமிழுக்குப் புதியதன்று. காஞ்சி நாட்டுப் பெருவழியைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் மிளகு சுமந்து போகும் கழுதைச் சாத்து வருகிறது. அங்கே பொதிகள் இணையாக இருக்கின்றன. தொடர்ந்து சுமந்ததால் கழுதையின் முதுகில் தழும்பு விழுந்திருக்கிறது. பொதி ஏற்றும் கலையின் இரண்டு அடிப்படைச் சிக்கல்களும், அதாவது எடை ஒரு பக்கம் சாயாமல் இருப்பதும் சுமக்கும் உடலைப் பொதி உராய்ந்து கெடுக்காமல் இருப்பதும், அந்தச் சில அடிகளுக்குள்ளேயே இருக்கின்றன. மோட்டார் சைக்கிளுக்குப் பை தைப்பவர்கள் இன்றும் இந்த இரண்டோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

இலங்கையில் இந்தக் கலையை வளர்த்தது தாவளம். பொதியெருதுகளை வரிசையாக நடத்திச் செல்லும் வணிகக் கூட்டத்துக்கு அந்தப் பெயர். சிங்களத்தில் அது தவலம. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மலைநாட்டுக்கு ஏறின. மலைநாட்டிலிருந்து பாக்கும் மெழுகும் இறங்கின. கண்டி இராச்சியத்தில் தாவளம் நடத்தியவர்களில் முஸ்லிம்கள் முதன்மையானவர்கள். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். கிழக்குக் கரையில் கடல் வணிகத்தையும் காட்டுவழி வணிகத்தையும் ஒரே சமூகம் கைக்கொண்டதற்கு இந்தக் குடியேற்றமும் ஒரு காரணம்.

தாவளத்தின் சாமான்கள் மிகக் குறைவு. எருதின் முதுகில் வைக்கோல் அடைத்த மெத்தையோ மடித்த சாக்கோ கிடக்கும். அதன்மேல், வாயோடு வாய் இணைத்த இரண்டு பைகள் குறுக்காக விழும். எடை முதுகெலும்பில் இறங்காமல் இரு விலாவிலும் பரவும். தங்குமிடத்தில் இரண்டு பேர் நின்று ஒரே தூக்கில் பொதியை இறக்கிவிடலாம். இந்தியாவின் பஞ்சாரா வணிகர்கள் இறக்கிய பொதிகளையே சுவராக அடுக்கி, உள்ளே படுத்துக்கொள்வார்கள். ஒற்றையடிப் பாதையில் மரங்களுக்கிடையே நுழையும்போது பை ஒதுங்கிக் கொடுக்கும்; பெட்டியாக இருந்தால் மரத்தில் மோதி, எருதையும் சேர்த்துத் திருப்பிவிடும். ஆற்றைக் கடக்கும்போது பொதியை அவிழ்த்துத் தோணியில் வைத்துவிட்டு எருதை நீந்த விடலாம். மூதூரைச் சுற்றி நாலு திசையிலும் துறைகள் இருந்ததால், கழற்றி மாட்டும் இந்த வசதியை எருது சுமக்கும் எடைக்கு நிகராக மதிக்க வேண்டியிருந்தது.

கொட்டியாரத்துக்கு அந்தக் காலத்தில் இருந்த முக்கியத்துவத்தை இன்றைய மூதூரைப் பார்த்து ஊகிப்பது கடினம். மேற்குக் கரைத் துறைகள் போர்த்துக்கேயர் கையில் இருந்தபோது, கண்டிக்குக் கடலைக் காட்டிய வாசல்களில் இதுவும் ஒன்று. 1612இல் கண்டியோடு செய்த உடன்பாட்டின்படி ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்டத் தொடங்கினர். போர்த்துக்கேயர் அதை அழித்தனர். 1660இல் புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் அதைச் சீர்செய்ய இந்த விரிகுடாவுக்கு வந்தது. கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபர்ட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றனர். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டில் இருந்தார். தொப்பி பின்னியும் சில்லறைச் சரக்குகளை ஊர் ஊராகச் சுமந்து விற்றும் பிழைத்தார். 1679இல் அவரும் தோழர் ஒருவரும் தப்பியதும் அந்த வியாபாரி வேடத்தில்தான். பொதி தூக்கியவனை யாரும் சந்தேகிப்பதில்லை என்பதை அறிந்து, வழிநெடுக விலை பேசிக்கொண்டே நடந்து, மேற்குக் கரையில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். 1681இல் இலண்டனில் வெளியான நொக்ஸின் நூல் உலகுக்கு இலங்கையைக் காட்டியது. மூதூரில் அவர்கள் பிடிபட்டதாகச் சொல்லப்படும் புளியமரத்தடி 'வெள்ளைக்காரன் மரம்' என்று அறியப்படுகிறது.

1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை விரிகுடாவுக்கு வந்து காலூன்ற முயன்று தோற்றது. பிறகு ஒல்லாந்தரின் பிடி இறுகியது. கண்டிக்கான கடல்வழியை அடைப்பது அவர்களுடைய கொள்கையாக இருந்ததால், கொட்டியாரத்தின் பெருவணிகம் தளர்ந்தது. திருகோணமலையில் ஒல்லாந்தரின் நிர்வாகியாக இருந்த வான் சென்டன் 1786இல் கொட்டியாரப்பற்றையும் தம்பலகாமத்தையும் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். அதில் உடைந்த குளங்களும் ஆள் குறைந்த ஊர்களும் வருகின்றன. பெருந்துறை சுருங்கினாலும் உள்ளூர்ப் பொதி நிற்கவில்லை. நெல்லும் கருவாடும் தேனும் மான்தோலும் எப்படியாவது ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போயாக வேண்டும்.

பிரித்தானியர் காலத்தில் இலங்கையின் பிற பகுதிகளில் தாவளத்தை மாட்டுவண்டி தள்ளிவைத்தது. 1820களில் கொழும்பு–கண்டி வீதி வந்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகின. தொடக்கத்தில் அரிசி ஏற்றிக் கோப்பி இறக்கிய எருதுகளின் வேலையை வண்டிகள் பிடித்தன. 1867இல் தொடருந்து கண்டியை எட்டியது. வீதி போடுகிற நாட்டில் பொதியெருதுக்கு எதிர்காலமில்லை என்பது அந்தக் காலத்து நிர்வாகக் கணக்கு. மலைநாட்டில் அந்தக் கணக்கு சரியாகவே வந்தது.

கொட்டியாரத்தில் அது அரைகுறையாகத்தான் வந்தது. திருகோணமலைக்குத் தொடருந்து 1927இல் வந்தபோதும் அது விரிகுடாவின் மறுகரையோடு நின்றது. மட்டக்களப்பை நோக்கிய கரையோர வீதி கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று துறைக்குத் துறை அறுந்து கிடந்தது. ஒவ்வொரு துறையிலும் வாகனத்தை ஏற்றிக் கடத்தும் தட்டைப் படகு, கிழக்கு மாகாணத்தார் பாதை என்று சொல்லுவது, காத்திருந்தது. ஆறு பெருகினால் பாதை ஓடாது. மூதூர்க்காரர் பட்டணத்துக்குப் போகக் கடலையே நம்பினர். இறங்குதுறையிலிருந்து லாஞ்சில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் திருகோணமலை. லாஞ்சில் வண்டி ஏறாது, மூட்டை ஏறும். ஆகவே வண்டி வந்த பிறகும், சரக்கு மனிதத் தோளில் தூக்கக்கூடிய அளவில், நெகிழ்ந்த உறையில் இருக்க வேண்டியிருந்தது. வீதி வரலாற்றை வண்டியின் வரலாறாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்த ஊர்களைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

உறைகளும் காலத்தோடு மாறின. பனையோலையில் இழைத்த உமல் மீனுக்கும் கருவாட்டுக்கும் பயன்பட்டது. நீர் வடியும், காற்றுப் போகும், பழுதானால் எறிந்துவிடலாம். பன் என்ற புல்லில் பாயும் பையும் இழைத்தனர். 1855இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை தொடங்கியது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள், பர்மா அரிசியோடு வந்த சணல் சாக்கு இந்துமாக்கடல் துறைகள் எங்கும் பரவிவிட்டது. சாக்கு உறுதியானது, நனைந்தால் மட்டும் கனத்து, உள்ளிருப்பதையும் கெடுத்துவிடும். அதற்குக் கிடைத்த மாற்று ஒரு வேளாண் கொள்கையின் பக்கவிளைவு. இலங்கை அரசு 1962இல் உர மானியத்தைத் தொடங்கியது. மகாவலியின் வெருகல் கிளையிலிருந்து மாவிலாறு வழியாக நீர் பெறும் அல்லைக் குடியேற்றத் திட்டத்து வயல்களுக்கு மூட்டை மூட்டையாக யூரியா வந்தது. பின்னர் அது பொலிப்புரொப்பிலீன் இழையில் நெய்த ஐம்பது கிலோ பையில் வரத் தொடங்கியது. உரம் வயலுக்குப் போனது; பை வீட்டில் தங்கியது. இலேசான, கிழியாத, மழைக்கு ஓரளவு தாங்கும் இந்த உரப்பைக்கு நிகராகக் கொட்டியாரத்துச் சரக்கைச் சுமந்த உறை வேறில்லை. அதற்குமேல் மழை மறைக்கப் படங்கு.

சைக்கிள் வந்தபோது இந்தப் பைகள் எருதிலிருந்து அதன் கரியருக்கு மாறின. ரலி, ஹம்பர், பின்னர் உள்நாட்டு லுமாலா ஆகியவற்றின் இரும்புக் கரியரில் பழைய டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிக் கட்டும் வழக்கம் பரவியது. கயிறு தளரும், இரப்பர் நாடா குலுக்கலோடு சேர்ந்து இழுபட்டு மறுபடி இறுகும். நெல் மூட்டை, விறகு, தேங்காய், துணி விற்கும் பொட்டணி எல்லாம் சைக்கிளில் போயின. பாரம் கூடினால் ஏறாமல் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். அப்போது சைக்கிள் முழுக்க முழுக்கப் பொதியெருதுதான்.

உள்நாட்டுப் போர்க்காலம் பொதியின் இன்னொரு இயல்பை வெளிக்கொணர்ந்தது. சோதனைச் சாவடியில் எல்லாப் பையும் அவிழ வேண்டும். முடிச்சை அவிழ்த்துக் கொட்டிக் காட்டி மறுபடி கட்டக்கூடியவர்கள் சீக்கிரம் நகர்ந்தார்கள். கட்டுக்குள் கட்டாக அடுக்கியவர்கள் வெயிலில் நின்றார்கள். 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதிலிருந்து தொடங்கிய சண்டை ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூதூர் நகருக்குள் வந்தது. பல்லாயிரக்கணக்கானோர் கந்தளாயை நோக்கிக் கால்நடையாக ஓடினர். சுற்றியிருந்த தமிழ் ஊர்களின் மக்கள் தெற்கே வெருகல், வாகரைப் பக்கம் பெயர்ந்தனர். அவர்கள் எடுத்துச் சென்றது கையிலும் தலையிலும் சைக்கிளிலும் கொண்டது மட்டுமே.

வீதி முழுமையானது போருக்குப் பிறகு. 2009 அக்டோபர் 20இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளமுள்ள அது அப்போது நாட்டின் மிக நீளமான பாலம். அடுத்த சில ஆண்டுகளில் தெற்கே இருந்த மற்றத் துறைகளிலும் பாலங்கள் எழுந்து, மூதூர் திருகோணமலையோடும் மட்டக்களப்போடும் தரைவழியாகத் தொடர்ந்தது. பாதைகளும் லாஞ்சும் தேய்ந்தன. வண்டிக்கும் லொறிக்கும் இனித் தடையில்லை என்ற நிலையில், பொதியின் காலம் முடிந்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. பாலங்களோடு சேர்ந்து மோட்டார் சைக்கிள் வந்தது. இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்களே. கிழக்கின் ஊர்களில் அதுவே குடும்பத்தின் ஒரே வாகனம். பிரதான வீதி காபெற்றாக இருந்தாலும் வயலுக்கும் கரைவலைப் பாட்டுக்கும் மாட்டுப் பட்டிக்கும் போகும் கடைசிச் சில கிலோமீற்றர் இன்னும் மணலும் வரம்பும்தான். 100 சிசி, 125 சிசி எஞ்சின், எருதைப் போலவே குறுகிய உடல், ஒற்றைத் தடத்தில் போகும் திறன். அதன்மேல் பழைய முறைக்குப் புதிதாகக் கற்க ஏதுமில்லை. இரண்டு உரப்பைகளின் வாயைச் சேர்த்துக் கட்டிப் பின்னிருக்கைக்குக் குறுக்கே போட்டால் தாவளப் பொதி மறுபடி உருவாகிவிடுகிறது. 2022 ஜூலையில் எரிபொருள் நெருக்கடியால் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் பெற்றோல். அந்த நாட்களில் ஒரு பயணத்தில் எவ்வளவு ஏற்றலாம் என்பது எல்லா வியாபாரிக்கும் கணக்கானது.

உலகின் வேறு மூலைகளில், பொழுதுபோக்குக்காகக் காட்டுவழியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இதே இடத்துக்கு மிகச் சுற்றிவளைத்து வந்து சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையின் செய்தி காவிகள் ஓட்டிய பிஎஸ்ஏ எம்20 வகை வண்டிகளில் இரு பக்கமும் கன்வஸ் பைகள் தொங்கின. போருக்குப் பின் நெடுஞ்சாலைப் பயணம் வளர, பூட்டுப் போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளும் அலுமினியப் பெட்டிகளும் வந்தன. 1980இல் பிஎம்டபிள்யூ வெளியிட்ட ஆர்80 ஜி/எஸ், பாரிஸ்–டக்கார் ஓட்டப்போட்டியின் புகழ் ஆகியவற்றோடு, இரு பக்கமும் உலோகப் பெட்டி மாட்டிய கனத்த வண்டியே நெடும்பயணத்தின் சின்னமாகிவிட்டது. அந்தப் பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டமும் பொருள் வைப்பதற்கு முன்பே பதினைந்து கிலோவைத் தொட்டுவிடும். ஆயிரம் சிசி வண்டிக்கு அது பொருட்டில்லை. 140, 150 கிலோ எடையுள்ள சிறிய வண்டிக்கு அது பத்தில் ஒரு பங்கு. பின்சட்டம் விரிசல் விடும். விழுந்தால் பெட்டி நெளிந்து மூட மறுக்கும். அதைவிட மோசமானது, மணலில் கால் ஊன்றும்போது பின்னாலிருந்து வரும் பெட்டி கெண்டைக்காலில் ஏறுவது. கால் எலும்பு முறிந்தவர்கள் பலர்.

ஆகவே 2000களின் பிற்பாதியிலிருந்து மென்பைகள் திரும்பின. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கிய ஜயன்ட் லூப் நிறுவனம், பின்னிருக்கையைச் சுற்றி இலாட வடிவில் அமரும், சட்டமே வேண்டாத பையை விற்றது. மழை புகாத துணிக்கு முன்னோடி ஜெர்மனியின் ஓர்ட்லீப். அதன் நிறுவனர் 1982இல் தைத்த முதல் பைக்கு எடுத்தது லொறியில் மூடும் படங்குத் துணி. வாயை மூன்று நாலு சுற்றுச் சுருட்டிக் கொக்கி மாட்டும் அந்த அமைப்பையே இன்று எல்லாத் தயாரிப்பாளரும் கையாள்கிறார்கள். மூதூர்ச் சந்தையில் உரப்பையின் வாயைச் சுருட்டிக் கட்டுகிறவருக்கு இதில் புதிதாகத் தோன்றக்கூடியது விலை மட்டுமே.

அதற்காக உரப்பையும் உயர்விலைப் பையும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. தாவளக்காரன் மெத்தையில் காட்டிய கவனத்தைப் புதிய பைகள் பல இடங்களில் பிரித்துக் காட்டுகின்றன. முதலாவது வெப்பம். எருதின் விலா சுடாது, புகைக்குழாய் சுடும். பொலிப்புரொப்பிலீன் பை அதில் பட்ட மாத்திரத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். சிறிய வண்டிகளில் குழாய் வலப்பக்கம் உயர்ந்து நிற்பதால் அந்தப் பக்கத்துப் பை தகடு வைத்துத் தள்ளி நிற்க வேண்டும், அல்லது சிறிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் சமநிலைக்காகக் கனமான பொருளை அதற்குள் வைக்க வேண்டும். இரண்டாவது உராய்வு. குலுக்கலில் பை ஆடினால் முதலில் தேய்வது பை அன்று, வண்டியின் பக்க மூடியும் வர்ணமும். மணலும் ஈரமும் இடையில் புகுந்தால் அது உப்புத்தாள் வேலை செய்யும். ஆகவே நாடா மேலிருந்து மட்டும் தொங்காமல், கீழே கால்மிதிப் பக்கமும் இழுத்துக் கட்டப்பட வேண்டும். மூன்றாவது எடை நிற்கும் இடம். எவ்வளவு தாழ்வாகவும் முன்னாகவும் எடை இருக்கிறதோ அவ்வளவுக்கு வண்டி சொன்னபடி கேட்கும். கரியரின் பின்நுனியில் உயர்ந்த மூட்டை, மணலில் முன்சக்கரத்தை மிதக்க வைக்கும். பெரிய பை வாங்கியவர் அதை நிரப்பாமல் விடுவதில்லை என்பதால், சிறிய வண்டிக்கு இரு பக்கமும் சேர்த்து முப்பது நாற்பது லீற்றர் கொள்ளும் பையே போதும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள்.

துணியைத் தேர்வதில் கடலோரம் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. கோர்டுரா போன்ற தடித்த நைலோன் உரசலைத் தாங்கும், ஆனால் தையல் துளை வழியாக நீர் விடும். உள்ளே தனி நீர்காப்புப் பை வேண்டும். தையலின்றி வெப்பத்தால் ஒட்டிய பிவிசி பூச்சுத் துணி நீரை முற்றாகத் தடுக்கும், ஆனால் முள்ளில் கிழிந்தால் அந்தத் தடுப்பும் போய்விடும். பல் வைத்த இழுவைப்பட்டி, அதாவது சிப், கொட்டியாரக் கரையில் நீண்ட நாள் உழைப்பதில்லை. உப்பும் மணலும் சேர்ந்து அதன் பல்லைப் பிடித்துவிடும். சுருட்டு வாயும் பிளாஸ்டிக் கொக்கியும் அந்தத் தொல்லையைத் தவிர்க்கின்றன. மார்கழி மழையில் வயல் வீதியில் போகிறவருக்கு முள்ளைவிடத் தண்ணீரே பெரிய எதிரி. கச்சான் காலத்தில் காட்டோரம் போகிறவருக்கு நிலைமை தலைகீழ்.

மென்பொதி தோற்கும் சரக்குகளும் மூதூரில் உண்டு. அவை இந்த ஊரின் பெயரோடு சேர்ந்தவையுங்கூட. மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர் பைக்குள் போகாது. பழைய நாளில் அது காவுதடியின் இரு முனையிலும் தொங்கிப் போனது. ஐஸ் போட்ட மீனுக்குக் குளிர் காக்கும் சுவர் வேண்டும் என்பதால், வீடு வீடாக மீன் விற்பவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் பலகைப் பெட்டியோ ரெஜிபோம் பெட்டியோ ஏறியிருக்கும். உமலில் மீன் போன காலத்தில் ஐஸ் இல்லை. பிடித்த மீன் அன்றே விற்றாக வேண்டும், அல்லது கருவாடாக வேண்டும். இன்று கருவாடு மட்டும் உரப்பையிலேயே போகிறது. துணி வியாபாரியும் பொட்டணியை விடவில்லை. இருக்கையின் பின்பாதி முழுவதும் துணி அடுக்கி, படங்கால் சுற்றி, டியூப் நாடாவால் கட்டி, தோப்பூர், கிளிவெட்டி, வெருகல் என்று ஊர் ஊராகப் போகிறார். மீனும் தயிரும் ஏற்றிய வண்டிகள் வீதியோரத்து வாடிக்கையோடு நின்றுவிட, வாய்க்கால் வரம்பு தாண்டி உள்ளே நுழைவது பெரும்பாலும் இந்தத் துணி வண்டிதான்.